விரல் நீளக் குழாய்

ஆம்புலன்ஸ் டிரைவர் மூன்று வாரமாக டியூட்டி முடியும்வரை இன்ஜினை அணைப்பதே இல்லை. இன்று மெக்கானிக் மச்சினன் விடாப்பிடியாக அணைத்துவிட்டான்.

"சூட்டுல நல்ல பிள்ளை மாதிரி ஓடும், மாமா. ஆறினாத்தான் வண்டவாளம் தெரியும். எப்பலருந்து இப்படி?"

"நேத்துதான்" என்றார் டிரைவர்.

நாலு மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்ததும் வண்டி குளிர்ஜுரம் வந்ததுபோல் உதறியது. மச்சினன் ரப்பர் குழாய்கள்மேல் ஒவ்வொன்றாகத் தண்ணீர் பீய்ச்சினான். ஓரிடத்தில் நீர் பட்டதும் உதறல் அடங்கியது.

"இந்த விரிசல்லதான் காத்து இழுக்குது. சூடானா ரப்பர் இளகி அடைச்சுக்கும்."

புதுக் குழாய் மாட்டினான். இன்ஜின் சீராக ஓடியது. பழையதைத் திருப்பிப் பார்த்தவன் முகம் மாறியது.

"விரிசல்ல அழுக்கு அப்பியிருக்கு. இது நேத்து விட்டது இல்ல, மாமா."

டிரைவர் அதை வெடுக்கென்று பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, நோயாளியை ஏற்றிய பிறகு வண்டி மூன்று தடவை நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது. "ஒரே டிராஃபிக்மா" என்று அவர் சொன்னதை இறந்தவரின் மனைவி நம்பினாள். இப்போதும் எங்கே பார்த்தாலும் சொல்கிறாள்:

"நீங்க உங்களால ஆனதைச் செஞ்சீங்க, அண்ணே."