தகட்டின் கனம்

கோடித் துணியோடு முண்டியடித்து வந்தவர்களை அர்த்தநாரி கையை நீட்டி நிறுத்தினார்.

"பெரிய ஊட்டுக்காரங்க மொதல்ல. அப்பறம் மத்தவங்க. இதென்ன சந்தையா?"

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்கள். பந்தலுக்குக் கீழே, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் கிடத்திய ஜீவானந்தத்தின் மேல் துணிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அர்த்தநாரிக்கு ஒரே தம்பி. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவன் கழுவும் இடத்திலேயே சாய்ந்துவிட்டான். திருச்செங்கோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்தது.

அப்போதிலிருந்து அர்த்தநாரி உட்காரவில்லை. எழுபது தாண்டிய முதுகு வளையாமல் நின்றது. சொல்லிவிட வேண்டிய ஊர்களுக்குச் சொன்னது, பந்தல், மேளம், யார் எங்கே நிற்பது என்பது வரை எல்லாம் அவர்தான். சாவு வீட்டில் ஒரு குறை வந்தால் குடும்பத்தை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள் என்பது அவர் கணக்கு.

கூட்டத்தின் ஓரமாக இளவழகன் வந்து நின்றான். வீட்டுக்குப் பின்னால், சங்ககிரி ரோட்டைப் பார்த்திருக்கும் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவன். சட்டையில் எண்ணெய்.

"ஐயா, முடிச்சாச்சுங்க. பெட்டி கட்டி லேபிளும் ஒட்டியாச்சு."

"வண்டி?"

"மத்தியானம் வருதுங்க."

அர்த்தநாரி தலையை அசைத்தார். அவருக்கு அந்த நாளில் கிடைத்த ஒரே ஆறுதல் அது. நேற்றுச் சாயங்காலம் கோயம்புத்தூர் ஏஜெண்ட் கலையரசன் துக்கம் விசாரிக்கப் போன் செய்தபோது, அவன் கேட்காமலேயே இவர் சொல்லியிருந்தார்: "எங்க ஊட்டுல எது நடந்தாலும் சொன்ன நாளு தவறாதுங்க. சரக்கு நாளைக்கு ஏறிரும்."

தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சத்யபிரியா நிமிர்ந்தாள். ஜீவானந்தத்தின் ஒரே மகள். கோயம்புத்தூரில் என்ஜினியரிங் படித்து, வேறெங்கும் போகாமல் அப்பாவின் பட்டறையிலேயே அளவு பார்க்கும் வேலைக்கு உட்கார்ந்தவள். அழுது வீங்கிய கண்கள் இளவழகனின் சட்டையில் நின்றன.

"மெஷினை எப்ப ஓட்டுனீங்க அண்ணா?"

"காத்தால சாமி."

"நேத்துத்தான் மெயினையே எறக்கியாச்சே. காத்தால போட்டு எவ்வளவு நேரம் சும்மா சுத்த உட்டீங்க?"

இளவழகனின் பார்வை அர்த்தநாரியின் பக்கம் போய், பின் தரைக்கு இறங்கியது.

சாவு விழுந்ததும் மெயின் சுவிட்சை இறக்கச் சொன்னவர் அர்த்தநாரிதான். எழவு விழுந்த வீட்டில் சக்கரம் ஓடக்கூடாது. ஆனால் தம்பி தொட்ட வேலை அரையும் குறையுமாக மெஷினில் நிற்பதும் ஆகாது. அது ஆத்மாவை இழுத்துப் பிடிக்கும் என்பார்கள். ஆகவே பாடை எடுப்பதற்கு முன் மிச்சத்தை முடித்துவிடச் சொல்லி, காலையில் அவரே பட்டறையில் போய் நின்றார். மெஷின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. "வெட்டியா ஏன் சுத்துது? வேலையை வையி" என்றார். "கொஞ்சம் சூடாவட்டுங்கய்யா" என்றான் இளவழகன். "பொணத்தைப் போட்டுக்கிட்டுக் குளிர் காயறயா?" என்று கேட்டார். அவன் தகட்டை எடுத்து மெஷினில் வைத்தான்.

"பெரியப்பா." சத்யபிரியா குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பெட்டி போவக்கூடாதுங்க. ஆறிக்கெடந்த மெஷின்ல ஓட்டுனது. சூடாவ சூடாவ அதோட சுத்தற தண்டு நீளும், அறுக்கற ஆழம் மாறும். மொதல்ல அறுத்தது ஒரு கனம், கடைசியா அறுத்தது ஒரு கனம் இருக்கும். நான் ஒண்ணைக்கூட அளந்து பாக்குல."

"இப்ப அதைப் பேசற நேரமா அம்மணி?"

"வண்டி வந்துருச்சுன்னா—"

"உங்கப்பன் கெடக்கறான் இங்கே." குரல் உயரவில்லை, ஆனால் சுற்றி இருந்த பெண்களின் ஒப்பாரி ஒரு நொடி நின்றது. "யாவாரம் பேசறதைப் பாத்தா நாலு பேரு என்ன நெனைப்பாங்க. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அப்பாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அதன்பிறகு பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பாடை கிளம்பியது. சித்திரை வெயில் தார் ரோட்டிலிருந்து எழுந்து முகத்தில் அடித்தது. கொள்ளிச் சட்டியோடு அர்த்தநாரியின் மகன் அன்பரசு முன்னால் போனான். அர்த்தநாரி செருப்பில்லாமல் நடந்தார். பக்கத்தில் மணியன் வந்து சேர்ந்துகொண்டான். மச்சான் முறை, போர்வெல் வண்டி வைத்திருந்தவன், எந்தச் சாவிலும் வாயை அடக்கத் தெரியாதவன்.

"ஏனுங் மாமா, புள்ளை என்னமோ சொல்லுச்சே? அந்தப் பெட்டில இருக்கறது பந்தடிக்கிற குச்சியா?"

"குச்சி இல்ல. கோல்ஃப் மட்டையோட தலை. டிரைவர்ங்கறது."

"நம்மூர்ல டிரைவருக்கா பஞ்சம்? அதையும் செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்போணுமா?"

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அர்த்தநாரி திரும்பவில்லை.

"அங்கே பெரிய மனுசனுங்க புல்லுமேட்டுல நின்னு பந்தடிப்பானுங்க. ஒரு நூல் கனம் கூடுனா என்ன, கொறைஞ்சா என்னங்க மாமா? அவனுக்கென்ன தெரியவா போவுது?"

இதே கேள்வியை அர்த்தநாரியும் தம்பியிடம் கேட்டிருக்கிறார். லாரிக்கு ஆக்சில் கடைந்துகொண்டிருந்தவன் திடீரென்று டைட்டானியம் தகடு என்று கிளம்பியபோது, வீட்டில் யாருக்கும் அந்த விளையாட்டுத் தெரியாது. ஜீவானந்தமே டிவியில் பார்த்ததோடு சரி. பந்தை முதன்முதலில் தூரமாக அடித்து அனுப்பும் மட்டை அது. உள்ளே வெற்றாக இருக்கும் தலை. பந்து மோதும் முகத்தகடுதான் இவர்கள் பட்டறை வேலை. நடுவில் ஒரு கனம், ஓரத்துக்குப் போகப் போக வேறு கனம். கூடினால் பந்து சாகும். குறைந்தால் தெறித்துப் போகும், ஆட்ட விதி அனுமதித்த தூரத்தைத் தாண்டி. ஆட்டக்காரனைப் போட்டியிலிருந்தே தள்ளிவிடுவார்கள். இல்லாவிட்டால் நாலு அடியில் தகடு கீறும்.

"நெம்பத் தூரம் போனா நல்லதுதானேடா?" என்று கேட்டிருந்தார்.

"ஒருத்தன் ஒரு தடவை தூரமா அடிக்கறது பெருசில்லீங்கண்ணா. ஆயிரம் மட்டை செஞ்சா, ஆயிரத்துல எதை எடுத்து அடிச்சாலும் பந்து ஒரே மாதிரி போவோணும். அதுக்குத்தான் நம்மகிட்ட வாரான். ஒரு தகடு தப்புனாலும் மொத்தத்தையும் திருப்பிடுவான். அப்பறம் வரவே மாட்டான்."

தம்பி தினமும் காலையில் மெஷினை வெறுமனே ஓட விட்டு, பக்கத்தில் நின்று டீ குடிப்பான். கரண்டுக் காசு வீணாகிறதென்று அர்த்தநாரி திட்டுவார். "மாட்டைக் கூட எந்திரிச்சவுடனே நொகத்துல பூட்டுவீங்களாண்ணா?" என்பான். அவ்வளவுதான் பேச்சு.

"என்னங் மாமா, பேச்சையே காணம்?"

"நட மணியா."

மயானத்தில் எல்லாம் முறையாக நடந்தது. குடம் உடைந்தது. அன்பரசு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். கொள்ளி வைக்குமுன், விறகு அடுக்கியதில் இடப்பக்கம் சரிந்திருந்ததைக் கண்டு அர்த்தநாரி வெட்டியானைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு விறகையே பார்த்து நின்றார். ஒரு பக்கம் சரிந்த விறகைப் பார்க்கப் பொறுக்காத தன் கண்ணுக்கு, காலையில் தம்பியின் பட்டறையில் எது பொறுத்துப்போனது?

ஒவ்வொரு பெட்டியிலும் லேபிள் இருக்கும். அதில் அச்சடித்திருக்கும்: சரிபார்த்தவர், ஜீவானந்தம். மகள் அளந்தாலும் கடைசியாகப் பார்த்து அனுப்புகிறவன் அவன்தான். தம்பி பார்க்காத தகடுகளின் மேல் அந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது. ஒட்டச் சொன்னவர் இவர்.

வாய்க்காலில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு திரும்பினார். கூட்டம் வீட்டு வாசலில் முறைப்படி ஏற்றிவைத்த விளக்கைப் பார்க்கத் திரும்பியபோது அவர் நேரே பட்டறைப் பக்கம் நடந்தார். வாசலில் பார்சல் வண்டி நின்றது. இளவழகனும் இன்னொருவனும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எறக்கு."

"ஐயா?"

"ஏத்துனதை எல்லாம் எறக்கு. உள்ள கொண்டு போ."

டிரைவர் இறங்கி வந்து, வாடகை என்று ஆரம்பித்தான். அர்த்தநாரியின் ஈரத் தலையையும் வேட்டியையும் பார்த்துவிட்டு, போய் ஒரு பெட்டியைத் தானே இறக்கிவைத்தான்.

விளக்குப் பார்த்து முடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தள்ளி நின்றார்கள். மணியனும் இருந்தான். அர்த்தநாரி மகனிடம் கலையரசனுக்குப் போடச் சொல்லி, கைநீட்டிப் போனை வாங்கினார். காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துப் பேசுவதுதான் அவர் வழக்கம். கூட்டத்துக்காக இன்று அதை மாற்றவில்லை.

"சரக்கு இன்னைக்கு ஏறுலீங்க."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்லீங்கய்யா. துக்க ஊடு. சாவுனால லேட்டுன்னு ஒரு மெயில் போட்டுட்டா அவுங்களும் புரிஞ்சுக்குவாங்க. நான் இப்பவே எழுதிர்றேன்."

மணியன் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னான். "ஆமாங்க மாமா. அதுவே சரி. ஆரு கேக்கப் போறா?"

எளிதாகத்தான் இருந்தது. முழுப் பொய்கூட இல்லை. அர்த்தநாரி போனை வாயருகே இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

"அப்படி எழுதாதீங்க."

"ஏனுங்கய்யா?"

"என்ற தம்பி ஒரு நாளும் சரக்கை நிறுத்துனவன் இல்ல. செத்தும் நிறுத்துல. நேத்து மெஷினை நிறுத்துனதும் நானு. இன்னைக்கு அது சூடாவாம ஓட்டச் சொன்னதும் நானு. ஓட்டறவன் சொன்னான், நாந்தான் கேக்குல. தகடு கனம் மாறியிருக்கும். எல்லாத்தையும் பிரிச்சு அளந்து, தப்புனதை ஒதுக்கிட்டுத்தான் அனுப்புவோம்."



"ஐயா, அப்படி எழுதுனா... மெஷின் பக்கத்துல தப்புன்னு தெரிஞ்சா, அவுங்க அடுத்த ஆர்டருக்கு வேற ஆளைப் பாக்கலாம். உங்களுக்குத் தெரியாததில்லை."

"பாக்கட்டும்."

"தப்பு ஆருதுன்னு எழுதறதுங்க? பட்டறைப் பேருலயா?"

"என்ற பேருல எழுதுங்க. அர்த்தநாரி. ஜீவானந்தத்தோட அண்ணன்."

போனை மகனிடம் கொடுத்தார். யாரும் நகரவில்லை. மணியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தான்.

"பந்தி போடச் சொல்லுங்க" என்றார் அர்த்தநாரி. "பங்காளி ஊட்டுல இருந்து சோறு வந்துருக்கும். வந்தவங்க பசியோட நிக்கப்படாது."

கூட்டம் கலைந்தது. அவர் பட்டறைக்குள் போனார்.

அளவு பார்க்கும் அறை கடைசியில் இருந்தது, கண்ணாடிக் கதவு போட்டு. சத்யபிரியா அவருக்கு முன்னமே வந்திருந்தாள். தலைக்குக் குளித்த ஈரம் முதுகில் வழிந்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முதல் பெட்டியை அவள் பிரித்திருந்தாள்; மேசையில் தகடுகள் சாம்பல் நிறத்தில், உள்ளங்கை அளவில், ஒன்றுபோலவே கிடந்தன. அர்த்தநாரியின் கண்ணுக்கு அவற்றில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"இதெல்லாம் கொஞ்ச நேரம் இங்கே குளுரட்டுங்க பெரியப்பா. அப்பறந்தான் அளக்கோணும்."

"சரி."

"நீங்க போய்ச் சாப்புடுங்க."

"நீ சாப்புட்டியா?"

அவள் அளக்கும் கருவியைத் துடைத்து மேசையில் வைத்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேற்றிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உடம்பு முழுக்க வலி எழுந்தது, காத்திருந்ததுபோல.

தகடுகள் குளிர்ந்ததும் அவள் ஒன்றை எடுத்து, கருவியின் முனையை நடுவில் வைத்தாள். எண் வந்தது. ஓரத்தில் வைத்தாள். மறுபடி எண். தகட்டை இடப்பக்கம் வைத்தாள். அடுத்தது இடப்பக்கம். அடுத்ததும். இடப்பக்கம் போனவை தப்பியவை என்பது அவள் முகத்தில் இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு தகடு வலப்பக்கம் போனது. அதற்குப் பின் வந்தவை அங்கேயே சேர்ந்தன.

ஈர வேட்டி ஏசிக் காற்றில் உடம்போடு ஒட்டியது. அவர் தோள்கள் நடுங்கின. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

சத்யபிரியா எழுந்து கதவுக்குப் பின்னால் போனாள். சித்திரை வெயிலிலும் அவள் அப்பா இந்த அறையில் போட்டுக்கொள்ளும் பழுப்பு ஸ்வெட்டர் அங்கே ஆணியில் தொங்கியது. செத்தவன் துணி எதுவும் வீட்டில் தங்கக்கூடாதென்று காலையில் அர்த்தநாரியே நின்று மூட்டை கட்டி அனுப்பியிருந்தார். இது யார் நினைவுக்கும் வரவில்லை.

அவள் அதைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டாள். முழங்கைப் பக்கம் நூல் பிரிந்திருந்தது. எண்ணெய் வாசனை வந்தது.

அர்த்தநாரி அதை எடுத்துவிடவில்லை. பெட்டியிலிருந்து அடுத்த தகட்டை எடுத்து, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, அவளிடம் நீட்டினார்.