வெல்டரின் இடது கால்

பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டியதும், அமைச்சரே மேடையில் பெருமைப்பட்டுக்கொண்டதுமான மாபெரும் ஆண்கள் நலப் புரட்சி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெல்டரின் இடது கால் மட்டும் தனியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதில் தொடங்கியது. வெல்டருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. அவரும் அதுவும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாமல் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்தினார்கள். பாதத்தில் ஏறிய ஆணி அவருக்குத் தெரியவில்லை. நாற்றம் வந்தபோது மனைவிதான் கண்டுபிடித்தாள்.

"கால் அழுகுதுங்க. இன்னிக்காவது வாங்க."

"லீவு போட்டா சீக்காளின்னு தெரிஞ்சிடும்டி. நாளைக்கு என் இடத்துல வேற ஒருத்தன் நிப்பான்."

அது பொய்யல்ல. பட்டறையில் மாத்திரையோடு பிடிபட்டவர்கள் முதலில் வாசல் காவலுக்கும் பிறகு வாசலுக்கு வெளியேயும் அனுப்பப்பட்டார்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கால், முழங்காலோடு கழன்று, செருப்பை மாட்டிக்கொண்டு, தத்தித் தத்திப் போய் வரிசையில் நின்றது. மனைவியும் பின்னாலேயே ஓடினாள். வெல்டர் பேன்ட்டுக்குள் ஒரு இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனார். சூப்பர்வைசர் கவனிக்கவில்லை, தொழிலாளர்களை இடுப்புக்குக் கீழே பார்க்கும் வழக்கம் அவருக்கில்லை.

"ஆளு எங்கம்மா?" என்றார் நர்ஸ்.

"வேலைக்குப் போயிட்டாரு சிஸ்டர். இவருதான் வரேன்னாரு."

டாக்டர் புண்ணைக் கழுவிக் கட்டினார். "இத நான் ஆத்திடுவேன். ஆனா சர்க்கரை கால்ல இல்லம்மா, ஆளுக்குள்ள இருக்கு. அவரக் கூட்டிட்டு வாங்க. விட்டா கிட்னி போயிடும்."

விஷயம் பரவியது. பெயின்டர் தன் நுரையீரலை அனுப்பினார். டிரைவரின் இதயம் பையில் வந்து, மனைவியின் மடியில் முறை வரும்வரை துடித்துக்கொண்டிருந்தது. ஆண்களின் வருகை பல மடங்கு கூடிவிட்டதாக அமைச்சர் அறிவித்து, முன்மாதிரி ஆண் என்று அந்தக் காலுக்கு மாலை போட்டார். மாலை நிற்காமல் வழுக்கியதால் இரண்டு அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள்.

செவ்வாய்தோறும் சாயங்காலம் கால் வீடு திரும்பித் தன் இடத்தில் பொருந்திக்கொள்ளும். மனைவி வெல்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"முகம் வீங்கியிருக்கு."

"நல்லாத் தூங்கினேன்ல, அதான்."

"கண்ணு மேல சத்தியமா அடுத்த வாரம் வருவீங்களா?"

அடுத்த செவ்வாய் அவர் நல்ல சட்டை போட்டுக் கதவு வரை வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கால் வாசலில் காத்திருந்தது, மனைவி அவர் கையை இறுகப் பிடித்திருந்தாள். தெருமுனையில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. அவர் கையை உருவிக்கொண்டார்.

புண் தழும்புகூட இல்லாமல் ஆறிவிட்டது. கால் இன்றும் செவ்வாய் தவறாமல் வந்து டோக்கன் வாங்குகிறது. வெல்டர்தான் செத்துப்போனார்.