முப்பது ஓட்டைகளும் ஒரு சாவியும்

1

உலகெங்கும் பரந்து வாழும் வாசகப் பெருமக்களுக்கு மிகுந்த பணிவுடனும் அதைவிடச் சற்றுக் கூடிய பெருமையுடனும் அறியத்தருவது யாதெனில்: நமது மொழியில் இதுவரை எவரும் தொடத் துணியாத ஒரு பொருளில் இன்று ஒரு கதை வெளியாகிறது. கொம்பியூட்டர்கள் அடுக்கிய இரும்பு அலுமாரி ஒன்றில், காலியாகக் கிடக்கும் இடங்களை எந்தத் தகட்டால் மூடுவது என்பதே அப்பொருள். எழுந்து நிற்க விரும்புகிறவர்கள் நிற்கலாம்.

(உட்கார்ந்துவிட்டீர்களா? நல்லது.)

கதை பிறந்த இடத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2009, யுத்தம் முடிந்து சில மாதங்கள். என் சுனாமி வீட்டுப் பைல் எங்கே நிற்கிறது என்று கேட்கக் கல்முனையிலுள்ள ஒரு அரசாங்கக் கந்தோருக்கு ஏழு தடவை போனேன். ஆறு தடவை, மெஷின் சூடாகி நின்றுவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். ஏழாம் தடவை என் பெயர் திரையில் வந்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். (ஜும்ஆ நேரத்தில் நான் ஏன் கந்தோரில் நின்றேன் என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையில் இடமில்லை.)

வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் மெஷின் நிற்பதில்லை? அந்தக் கேள்விதான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: "பேரலை கரையை விழுங்கிய அந்தக் காலையில் ஷரிபுதீன்"

அடித்துவிட்டேன். அந்தக் காலையில் எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார்: ஓடினார்.

இரண்டாம் தொடக்கம்: "துப்பாக்கிகள் ஓய்ந்த மண்ணில் புதியதொரு விடியல்"

இது கதையல்ல. நிதி கேட்டு அனுப்பும் அறிக்கையின் முதல் வரி.

மூன்றாம் தொடக்கம்: ஷரிபுதீனின் பெல்ட்டில் ஒரு சாவி தொங்கியது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

ஷரிபுதீனின் பெல்ட்டில் ஒரு சாவி தொங்கியது. கரையோர வீட்டுத்திட்டத் தகவல் நிலையத்தின் மேல்மாடியில் சேர்வர் அறை என்று ஒன்று இருந்தது. அதன் ஒரே சாவி அது. பழைய பதிவுகளைக் கடல் கொண்டுபோனதால், இனி எந்த அலையும் எட்டாத உயரத்தில் வெளிநாட்டுக் காசில் கட்டிய அறை. தண்ணீருக்குப் பயந்து மேலே ஏற்றியவர்கள், மொட்டைமாடிக்கு அடியில் வெயில் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. கந்தோரிலேயே ஏசி பூட்டிய அறை அது ஒன்றுதான். பணிப்பாளர் ஸகியா மெடம்கூட மின்விசிறிக்குக் கீழேதான் இருந்தார். ஆகவே, நாற்பத்தாறு வயதில் ஷரிபுதீனுக்கு உலகம் கொடுத்திருந்த மரியாதை முழுவதும் அந்தச் சாவியில் தொங்கியது.

உள்ளே ஒரு றெக். மெஷின்களைச் செருகும் இரும்பு அலுமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்திரண்டு தட்டுக்கு இடம். இருந்த ஆறு மெஷினும் பன்னிரண்டை எடுத்தன. மிச்சம் முப்பது. ஷரிபுதீன் அந்த ஆறையும் ஒன்றையொன்று தொடாமல் எட்ட எட்டப் பூட்டி, இடையிலெல்லாம் திறந்துவிட்டிருந்தார். எங்கள் கரையோர வீடுகளில் யன்னலுக்கு மேலே காற்றோட்டை வைத்துக் கட்டுவோமே, அதே கணக்கு. ஓட்டை இருந்தால் காற்று வரும், காற்று வந்தால் சூடு போகும். இதில் படிக்க என்ன இருக்கிறது?

ஆனாலும் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்கு மெஷின்கள் கொதித்துப்போய்த் தாமாகவே நின்றன. சில மாதங்களாக வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நிற்கவில்லை. ஜும்ஆவுடைய பரக்கத், இறைவனின் அருள் என்று ஷரிபுதீன் சொன்னார். கந்தோரும் அதை மறுக்கவில்லை.

4

இப்போது பிரகாஸ் வரவேண்டும். எனக்கு இந்த ஆளில் நம்பிக்கை இல்லை.

திருக்கோவில் ஊர்ப் பிள்ளை, இருபத்தொன்பது வயது. கொழும்பில் படித்துவிட்டு, வீதிச் சோதனைகள் குறைந்ததும் ஊரோடு வந்து வேலைக்குச் சேர்ந்தவன். கெட்டிக்காரன், அமைதி, யாரையும் போட்டுக்கொடுக்க மாட்டான், ஷரிபுதீனை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். இப்படி ஒருவனை எழுதினால் யார் நம்புவார்கள்? ஒரு குறையாவது வைப்போம் என்று மூன்று நாள் தேடினேன். மற்றவர்களுடைய பணிஸைக் கேட்காமல் எடுத்துத் தின்பான். அவ்வளவுதான் கிடைத்தது.

வந்த முதல் வாரக் கூட்டத்தில் ஸகியா மெடம் கேட்டதால் ஒரு தடவை சொன்னான். மெஷின் முன்பக்கத்தால் குளிரை இழுத்துப் பின்பக்கத்தால் சூட்டைத் தள்ளுகிறது. நடுவில் ஓட்டை இருந்தால், தள்ளிய சூடு அந்த ஓட்டையால் சுற்றி முன்னுக்கு வருகிறது. விட்ட மூச்சையே மெஷின் திரும்ப இழுக்கிறது. ஓட்டைகளைத் தகடு போட்டு மூடவேண்டும். பிளாங்கிங் பெனல் என்று பெயர்.

மெடம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை ஷரிபுதீன் அளந்து பார்த்தார். பதினொரு வருடச் சேவையில் தனக்கு ஒருநாளும் அத்தனை ஆழமாக ஆட்டியதில்லை.*

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட மனைவி றபீக்கா, அந்தத் தம்பியை ஒருநாளைக்குச் சாப்பிடக் கூட்டிவாருங்கள் என்றாள். ஷரிபுதீன் கையைக் கழுவிவிட்டு எழும்பினார்.

* ஷரிபுதீன் முஸ்லிம், பிரகாஸ் தமிழன். இதை இனப் பிரச்சினையாக எழுதினால் என்னைக் கருத்தரங்குக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் அது பொய். சொந்த மச்சினன் ஸைனுலாப்தீன் மோட்டார் சைக்கிள் வாங்கியபோதும் ஷரிபுதீன் மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பொறாமையில் அவர் எந்தப் பேதமும் பார்க்காத மனிதர்.

5

பெனல் வாங்க அனுமதி வந்தது. தெரிவு செய்யும் பொறுப்பை மெடம் ஷரிபுதீனிடமே கொடுத்தார். மூத்தவர் மனம் நோகக்கூடாது என்ற நல்லெண்ணம். நாசங்கள் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

விலைப்புத்தகத்தில் மூன்று வகை. ஆணி முடுக்கிப் பூட்டும் இரும்புத் தகடு. கையால் அமுக்கினால் டப்பென்று பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தகடு. கடைசிப் பக்கத்தில், விலை கூடியது: முகம் முழுவதும் பூவேலை மாதிரி நுண்துளை போட்ட தகடு.

முதலிரண்டில் எதை எடுத்தாலும் பிரகாஸ் சொன்னதைச் செய்ததாகிவிடும். மூன்றாவதில் மூடினதும் ஆகும், திறந்ததும் ஆகும். அவன் யோசனை, அதற்கு மேல் என் மூளை என்று நினைத்தார். ஷரிபுதீன் முப்பதையும் துளை போட்டதாகவே எடுப்பித்தார்.

(இந்த இடத்தில் வாசகர் தலையில் அடித்துக்கொள்ளலாம். நான் அடித்துக்கொண்டேன்.)

பூட்டி முடிந்ததும் பிரகாஸ் வந்து பார்த்தான். பூவேலையை விரலால் தடவினான்.

"வடிவாக் கிடக்கு நானா" என்றான்.

அடுத்த நாள் பன்னிரண்டரைக்கு மெஷின்கள் நின்றன. ஷரிபுதீனுக்கு அன்று பெருநாள். பெனல் போட்டும் சரிவரவில்லையே என்று கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். வெள்ளி வந்தது, நிற்கவில்லை. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் நின்றன.

மெடம் கூப்பிட்டார். வருகிற திங்கள் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், வீட்டுப் பட்டியலைத் திரையில் காட்டவேண்டும். அன்றைக்கும் நின்றால் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள் நானா என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயம்.

6

அந்தச் சாவி வாரத்தில் ஒரு தடவை ஷரிபுதீனின் பெல்ட்டை விட்டு இறங்கும். வெள்ளி பன்னிரண்டுக்கு அவர் ஜும்ஆவுக்குப் போகும்போது, கந்தோரில் மிஞ்சும் பிரகாஸிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அந்த ஒன்றரை மணித்தியாலமும் பள்ளியில் குத்பாப் பிரசங்கம் அவர் காதில் ஏறாது.

கடைசி வெள்ளி அவரால் முடியவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும், பின் சுன்னத் தொழுகைக்கு நிற்காமல் எழும்பினார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். மேல்மாடிக் கதவு சும்மா சாத்தியிருந்தது.

றெக்கின் முன்னால் பிரகாஸ் குந்தியிருந்தான். துளைத் தகடுகளின் மேல் பிஸ்கட் பெட்டி மட்டை வெட்டி, டேப் போட்டு ஒட்டியிருந்தது. பாதியைக் கழற்றிவிட்டான். மிச்சத்தைக் கவனமாக உரித்துக்கொண்டிருந்தான். மட்டைகளின் மூலைகள் பல தடவை ஒட்டிக் கழற்றி மழுங்கிப்போயிருந்தன.

"எத்தின வெள்ளி?" என்று கேட்டார் ஷரிபுதீன்.

பிரகாஸ் திடுக்கிடக்கூட இல்லை. "வந்த நாள்ல இருந்து."

"மறுகா ஏன் கழட்டுற?"

"நீங்க வந்தாப் பாப்பீங்கதானே நானா."

"பாத்தா என்ன?"

"உங்களுக்கு ஒரு மாதிரி இரிக்கும்."

ஷரிபுதீன் ஒரு தகட்டுக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தார். பூவேலைத் துளைகளால் சூடு உள்ளங்கையில் அடித்தது. மட்டை ஒட்டிய இடத்தில் கையை வைத்தார். குளிர்.

அவன் திருடியிருந்தால் மன்னித்திருப்பார். மெடத்திடம் கோள் சொல்லியிருந்தால் சந்தோஷமே பட்டிருப்பார். தன் மனம் நோகக்கூடாதென்று ஒருத்தன் வெள்ளிக்கு வெள்ளி மட்டை ஒட்டிக் கழற்றியிருக்கிறான். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? கெட்டிக்காரத்தனத்திலும் அவன் மேல், குணத்திலும் அவன் மேல். ஷரிபுதீனுக்கென்று இனி அந்தச் சாவி ஒன்றுதான்.

"இந்தாங்க நானா" என்று சாவியை நீட்டினான் பிரகாஸ். அது அவன் கைச்சூட்டோடு இருந்தது.

7

முடிவுகள் கைவசம் உள்ளன.

(அ) திங்கள் காலை ஷரிபுதீன் தானே மட்டை ஒட்டுகிறார், எல்லோர் முன்னாலும் பிரகாஸைக் கட்டிப்பிடிக்கிறார், கொழும்பு ஆட்கள் படம் எடுக்கிறார்கள். இதற்கு நிதி கிடைக்கும்.

(ஆ) ஒட்டாமல் விடுகிறார். மெஷின் நிற்கிறது. பெனல் யோசனை யாருடையது என்று மெடத்திடம் கேட்கிறார். இதற்கு வாசகர் கிடைப்பார்கள்.

(இ) மட்டையை ஒட்டிவிட்டு, எல்லாம் தன் யோசனை என்கிறார். பிரகாஸும் ஓம் என்று தலையாட்டுகிறான். மூன்றிலும் இதுதான் எனக்குப் பயம். ஷரிபுதீனின் இடத்தில் நான் இருந்தால் செய்வது இதுதான்.

திங்கட்கிழமை, காலை எட்டு மணி. ஷரிபுதீன் ஒரு ஷொப்பிங் பையுடன் படி ஏறினார். பைக்குள் பிஸ்கட் பெட்டி மட்டையும் டேப்பும் கத்தரிக்கோலும் இருந்தன. கத்தரிக்கோல் றபீக்காவுடையது. சாவியைப் போட்டுத் திறந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, உள்பக்கத்தால் பூட்டினார்.

அதற்குள் நான் போகவில்லை. பூட்டிய கதவுக்குள் போக எழுத்தாளனுக்கு உரிமை உண்டென்று சொல்வார்கள். ஆனால் எனக்கு அந்தக் கந்தோரில் என் பைல் கிடைக்கவேண்டுமே, அவரைப் பகைக்க முடியாது. ஆகவே முடிவு உங்களுடையது. பையைத் திறப்பதா வேண்டாமா என்று நீங்கள் நின்று யோசியுங்கள். யோசிக்கும்போது ஒரு பிரகாஸை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒருவன் இருப்பான்.

சாவி இன்றைக்கும் ஷரிபுதீனிடம்தான் இருக்கிறது. றெக்கை அடுத்த மாதமே கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள்.