வெறும் எண்ணெய்

பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றிய எண்ணெய் சுத்தமாக இருக்கிறது. டப்பாவே படாமல் கண்ணாடிக் குவளையில் வைத்த எண்ணெயில் பிளாஸ்டிக் ரசாயனம் கொட்டிக் கிடக்கிறது. இதென்ன கூத்து?

சாப்பாட்டு டப்பாவிலிருந்து உணவுக்குள் என்ன இறங்குகிறது என்று சோதிப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. டப்பாவில் எண்ணெய் ஊற்றி ஓவனில் சூடாக்குவோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வெறும் எண்ணெயையும் குவளையில் ஊற்றி அதே ஓவனில் வைப்போம். அதில் எதுவும் வரவே கூடாது. குவளையை மாற்றச் சொன்னேன், எண்ணெயை மாற்றச் சொன்னேன், எண்ணெயைச் சோதிக்கும் இயந்திரத்தை நானே கழுவினேன். மறுபடியும் அதேதான்.

"ரெண்டுக்கும் பேரை மாத்தி ஒட்டிட்டியா?" என்று கூட வேலை செய்யும் குண்டூசியிடம் எரிந்து விழுந்தேன். குத்திக் குத்திப் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"நான் ஒண்ணும் தூங்கிக்கிட்டே ஒட்டலக்கா. டப்பாவுக்கு மூடி இருக்கு, குவளைக்கு இல்ல. தூசி விழக்கூடாதேன்னு ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினேன். அவ்வளவுதான்."

ஓவனைத் திறந்தேன். அடுத்த குவளையின் மேல் போட்டிருந்த மெல்லிய தாள் சூட்டில் தொய்ந்து எண்ணெயில் முங்கிக் கிடந்தது.

"அறிவிருக்கா உனக்கு? இந்தக் கருமத்தை எங்கேருந்து பிடிச்சே?"

"உங்க டிராயர்லேருந்துதான். மத்தியானம் சாப்பாட்டை மூடி அப்படியே சூடு பண்ணுவீங்களே, அதே தாள்தான்."

பக்கத்து அறையில் நான் சூடாக்க வைத்துவிட்டு வந்த சாப்பாடு தயார் என்று மைக்ரோவேவ் கூப்பிட்டது.