நீதிபதி அழித்த பக்கம்

"ஏம்மா, எல்லாப் பிள்ளைங்களோட அம்மாவும் மிருகக்காட்சி சாலைக்குக் கூட வர்றாங்க. நீ மட்டும் ஏன் வரவே மாட்டேங்குற?"

நைலா இதைக் கேட்டபோது இரண்டாம் வகுப்பில் இருந்தாள். "அம்மாவுக்கு வேலை இருக்குடி" என்றாள் ரெனிட்டா. அது பாதி உண்மை. பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணை வரும் பெற்றோரின் பெயரை முதலில் போலீஸ் பதிவுகளில் தேடிப் பார்ப்பார்கள் என்பது மீதி. நைலா கைக்குழந்தையாக இருந்தபோது, அமெரிக்காவின் டோலிடோ நகரத்துக் கடை ஒன்றில் இரண்டு பால்பவுடர் டப்பாக்களைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, வாசலிலேயே பிடிபட்டவள் ரெனிட்டா.

மகளின் கேள்வி தாங்காமல்தான் நீதிமன்றத்தில் மனுப் போட்டாள். நீதிபதி அந்தப் பதிவை அழிக்க உத்தரவிட்டார். "வேலைக்குப் போற இடத்துல கேட்டா, குற்றம் எதுவும் இல்லன்னே சொல்லுங்க. சட்டப்படி அது பொய்யில்ல" என்றார்.

முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்கு விண்ணப்பித்தபோது அப்படித்தான் 'இல்லை' என்று எழுதினாள். ஆனாலும் எழுதியதை இரண்டு முறை திரும்பப் படித்தாள்.

அந்தச் சமையலறைக்குத் தலைவி சிஸ்டர் ஓடம். ரெனிட்டா போகும் அதே தேவாலயத்தில், வெள்ளைத் தொப்பியோடு முன்வரிசையில் உட்காருகிறவர். கன்னியாஸ்திரி இல்லை; அந்தச் சபையில் மூத்த பெண்களை 'சிஸ்டர்' என்றுதான் அழைப்பார்கள். ஞாயிறுதோறும் அங்கே ஒவ்வொருவராக எழுந்து, கர்த்தர் தம்மை எதிலிருந்து மீட்டார் என்று சாட்சி சொல்வார்கள். ரெனிட்டா ஒருநாளும் எழுந்ததில்லை.

மறுவாரம் சிஸ்டர் ஓடம் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல், ஆட்களின் பின்னணியை விசாரித்துச் சொல்லும் கம்பெனி அனுப்பிய தாள் கிடந்தது. 'திருட்டு' என்ற சொல் தலைகீழாகத் தெரிந்தும் ரெனிட்டாவால் வாசிக்க முடிந்தது.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மன்னிச்சிருங்க சிஸ்டர். நான் வர்றேன்."

"எங்க வர்ற? நான் இன்னும் வாயே திறக்கல."

"நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும்."

"ஓ, தீர்க்கதரிசி! உட்காருடி பொண்ணே."

ரெனிட்டா உட்கார்ந்தாள். காலணி நுனியைப் பார்த்தபடி, "நீதிபதி அதை அழிச்சிட்டாரு" என்றாள்.

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு? என் தம்பி மகனும் இப்படித்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளியே போனான். அந்த வேலை போனது போனதுதான். கோர்ட்டு அழிச்சாலும் இந்தக் கம்பெனிக்காரன் பழசையே வச்சு வித்துக்கிட்டிருப்பான். உத்தரவை அவனுக்கு அனுப்பு. தப்புன்னு எழுது. அவன் திருத்தித்தான் ஆகணும். அதுவரைக்கும் இந்த இடத்துல வேற ஆளைப் போட விடமாட்டேன்."

சொல்லிக்கொண்டே அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். எதைத் திருடினாய், ஏன் திருடினாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது ரெனிட்டாவுக்கு. திட்டியிருந்தால் அழுதிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று உள்ளம் குன்றியது. ஆராதனை முடிந்து சாப்பாட்டு மேஜை அருகே சிஸ்டர் ஓடம் நேரே அவளிடம் வந்தார்.

"என்னடி, எனக்கு ஒரு துண்டு சோள ரொட்டி எடுத்து வைக்கணும்னு தோணலியா?"

எப்போதும் கேட்பது போலவே கேட்டார். வேறு ஒன்றுமில்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்பது அப்போதுதான் ரெனிட்டாவுக்குப் புரிந்தது.

திருத்திய தாள் வந்தது. சமைக்கிறவர்கள் தலையில் மாட்டும் முடிவலையைச் சிஸ்டர் ஓடம் அவள் கையில் திணித்து, "ஓட்ஸ் அடிப்பிடிக்குது, ஓடு!" என்றார். அவ்வளவுதான். அந்த வசந்தத்தில், நைலாவின் வகுப்போடு மிருகக்காட்சி சாலைக்குப் போகத் தன் பெயரையும் எழுதிக் கொடுத்தாள் ரெனிட்டா.

அவள் திருடிய கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். முதல் சம்பளம் வாங்கிய வாரம், ஞாயிறு காலை மகளை எழுப்பாமல் அவள் தேவாலயத்துக்கு நடந்தாள். இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதன் வாசலில் கம்பத்தின்மேல் ஒரு மரப்பெட்டியில் உணவுப் பொருள்கள் வைத்திருந்தார்கள். பெட்டிக்குப் பூட்டு கிடையாது.

தெருவில் யாரும் இல்லை. இரண்டு பால்பவுடர் டப்பாக்களைக் கோட்டுக்குள்ளிருந்து எடுத்து, பீன்ஸ் டின்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். பெட்டியின் கதவைச் சாத்தினாள். ஆராதனைக்கு இன்னும் நேரமிருந்தது.