மூன்று வருஷம் இழுத்த பல்

என் மகன் ரிஃபாய்க்கு இருபது வயது. நோன்பு பிறக்க ஒன்பது நாள் இருக்கும்போது அவனுடைய மேல் முன்பற்கள் இரண்டையும் மதுரையில் பிடுங்கினார்கள். இந்த வருஷம் எங்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்பு இரவுகளில் குர்ஆன் முழுவதும் ஓதித் தராவீஹ் தொழவைக்கப் போகிறவன் அவன்தான் என்று நான் கீழக்கரை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா நான்? கத்தாரில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஹமீது சுல்தான், மகனுக்குப் பின்னால் நின்று தொழ வேண்டுமென்று லீவு போட்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

மூன்று வயதில் மாடிப்படியில் விழுந்தான். பால்பல் ஈறுக்குள் ஏறிவிட்டது. பால்பல்தானே என்று விட்டோம். எட்டு வயதாகியும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. மதுரையில் ஒரு டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார்; அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். உள்ளே பல் இருக்கிறது, ஆனால் மூக்கைப் பார்த்துப் படுத்திருக்கிறது, வேர் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கிறது என்றார்.

"எடுத்துடுறதுதான் நல்லதும்மா. இப்பவே கழட்டி மாட்டுற பல் வச்சா, சின்னப் பையன், நாக்கு தன்னால பழகிடும். பெரியவனானதும் நிரந்தரமா வச்சுக்கலாம். இழுத்துக் கீழே கொண்டு வரலாம்தான். ஆனா இந்த வேர் ரொம்ப வருஷம் தாங்காது, பக்கத்துப் பல்லையும் சேர்த்துக் கெடுத்தாலும் கெடுத்துடும்."

எல்லாம் நன்றாகவே காதில் விழுந்தது. நான் செவிடில்லை. ஆனால் அவன் வயிற்றில் இருக்கும்போதே குர்ஆனை மனப்பாடமாக ஓதும் ஹாஃபிழ் ஆக்குவேன் என்று நிய்யத் வைத்தவள் நான். அவனுக்கு ஓதிக்கொடுத்த காதர் மைதீன் ஆலிம்சா அப்போதுதான் சொல்லியிருந்தார், "மேல் முன்பல்லுல நாக்கு நுனி பட்டாத்தான் அரபியில மூணு எழுத்து சரியா வரும். புள்ளைக்கு அங்கன காத்தாப் போகுது." மாட்டுகிற பல்லோடு ஓதுவதாவது! சொந்தப் பல்தான் வேண்டும் என்று நின்றேன். கத்தாருக்குப் போன் போட்டு, "இழுத்துத்தான் ஆகணும்னு டாக்டரே சொல்லிட்டாக" என்றேன். பச்சைப் பொய். அவர் பாவம், "அவக சொல்றபடி செய் சல்மா" என்றார். மகனிடமும் அதையேதான் சொன்னேன்.

ஈறைக் கிழித்து, பல்லில் மெல்லிய சங்கிலி ஒட்டி, மூன்று வருஷம் மாதாமாதம் இறுக்கினார்கள். மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பரமக்குடி தாண்டுகிறவரை என் மடியில் படுத்து அழுவான். இரண்டு நாளைக்குக் கஞ்சிதான். "சபூர் செய் வாப்பா, பொறுத்துக்க" என்று தலையைத் தடவுவேன். பல் வந்தது. கொஞ்சம் குட்டை, கொஞ்சம் திருகல், ஆனாலும் வந்தது. அவன் பதினேழு வயதில் ஹாஃபிழ் ஆனபோது நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

போன வருஷம் அந்தப் பல் சாம்பல் நிறமானது. ஈறில் சின்னக் கொப்புளம் வந்தது. கிராம்பு எண்ணெய் தடவச் சொன்னேன். இந்த மாதம் பக்கத்துப் பல்லும் சேர்ந்து ஆட ஆரம்பித்து முகம் வீங்கிவிட்டது. பழைய டாக்டரம்மா வேறு ஊர் போய்விட்டார். புதிதாக வந்திருந்த டாக்டர் படத்தைக் காட்டினார். இரண்டு பல்லுக்கும் வேர் கரைந்துபோயிருந்தது. எலும்பும் அரித்துவிட்டதால் புதுப் பல் நட இடம் போதாதாம். கழட்டி மாட்டுகிற பல்லைச் செய்து கொடுத்து அனுப்பினார்.

அதை மாட்டிக்கொண்டு ஐந்து நாள் இராப்பகலாக ஓதிப் பார்த்தான். ஆறாம் நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஆலிம்சாவிடம் ஓதிக் காட்டப் போனான். நான் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்து உட்கார்ந்தான். "எழுத்து சாயுதாம்மா. பழக ஆறு மாசம் ஆகுமாம். இந்த வருஷம் வேற ஆளு நிக்கட்டும்னுட்டாக."

யா அல்லாஹ், என்னை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவன் என் கையைப் பிடித்தான். "ஏம்மா இப்புடிச் செய்றீக? உங்க மேல என்ன தப்பு? டாக்டர் சொன்னதைத்தானே செஞ்சீக."

பேசாமல் இருந்திருக்கலாம். பன்னிரண்டு வருஷம் இருந்தவள்தானே. ஆனால் அவன் எனக்கு ஆறுதல் சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை.

"டாக்டரம்மா எடுத்துடத்தான் சொன்னாக வாப்பா. நான்தான் கேக்கல. உங்க வாப்பாட்டயும் பொய் சொன்னேன், உன்கிட்டயும் பொய் சொன்னேன்."

கையை விட்டுவிட்டான். ஏசினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"அந்த டாக்டரம்மாவுக்கு நான் பதுவா கேட்டிருக்கேம்மா" என்றான். "மூணு வருஷமும். ஒவ்வொரு தொழுகையிலயும். எனக்கு இந்த வலியக் கொடுத்தவுக நிம்மதியா இருக்கக் கூடாது, அவுக ஆசப்பட்டது ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னு கேட்டேன். சின்னப் புள்ள கேட்டா அல்லாஹ் உடனே கொடுப்பான்னு நீங்கதானே சொன்னீக."

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"அது உங்க மேலயா போச்சு உம்மா?"

அசருக்குப் பாங்கு சொன்னார்கள். அவன் எழுந்து, கை கால் கழுவி ஒளுச் செய்யப் போனான்.