ஏழாவது ஆட்சேபணை

2004 பிப்ரவரி கடைசியில் அந்த வரைவு விதி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. வேலூரில், தொழிற்சாலைகளைக் கவனிக்கும் ஒரு துறையின் மாவட்டக் கிளை அது. நான் அங்கே உதவியாளர். பெயர் பெர்சிஸ். குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன்.

வரைவு விதி என்பது இன்னும் விதியாகாத விதி. அரசு ஒரு விதியை மாற்ற நினைத்தால் முதலில் அதை அரசிதழில் போட வேண்டும். ஆட்சேபணை இருப்பவர்கள் நாற்பத்தைந்து நாளுக்குள் எழுதலாம் என்றும் அதிலேயே சொல்ல வேண்டும். வருகிற கடிதங்களை வாங்கி, எண் போட்டு, அட்டவணையாக்கிச் சென்னைக்கு அனுப்புவது என் வேலை. வரிசை எண், ஆட்சேபணை, குறிப்பு என்று மூன்று பத்தி.

இந்த வரைவு கிரீச் சம்பந்தப்பட்டது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலைக்குள் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு அறை இருக்க வேண்டும். பால் குடிக்கும் குழந்தையின் தாய்க்குக் காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் இடைவேளை. அது பழைய விதி. பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிகள் சேர்ந்து, இரண்டு கிலோமீட்டருக்குள் எங்கேயாவது ஒரே பொதுக் காப்பகமாக வைத்துக்கொள்ளலாம் என்றது புதிய வரைவு. இடைவேளையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

உண்மையைச் சொன்னால், கம்பெனிகளுக்கு அனுப்ப அதைப் பிரதி எடுத்தபோது எனக்கும் அது உறைக்கவில்லை.

முதல் ஐந்து வாரத்தில் ஆறு கடிதங்கள் வந்தன. ஆறும் கம்பெனிகளிடமிருந்தும் அவர்களின் சங்கத்திடமிருந்தும். இரண்டு கிலோமீட்டரை மூன்றாக்க வேண்டும் என்று ஆறும் கேட்டன. வாசகம்கூட ஒன்றுதான், கடிதத் தலைப்பு மட்டும் வேறு.

நாற்பத்து மூன்றாம் நாள் ஏழாவது வந்தது. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். எழுதப் பழகாத கையெழுத்து.

“ஐயா, நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் செக்சனில் வேலை. எனக்கு மூன்று மாசக் குழந்தை. புது கிரீச்சுக்கு இடம் பார்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை நானே நடந்து பார்த்தேன். போகப் பதினாறு நிமிஷம். கேட் மூடியிருந்தால் இருபத்தைந்து. எங்களுக்குக் கொடுப்பது பதினைந்து நிமிஷம். குழந்தைக்கு எப்போது பால் கொடுப்பது என்பதையும் விதியிலே எழுதினால் நல்லது. இப்படிக்கு, ரஃபத் ஜஹான்.”

நான் அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு எழுந்து போய் எங்கள் கண்காணிப்பாளர் மூர்த்தி சாரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

“கரெக்டாத்தான் எழுதியிருக்கு” என்றார்.

“மே மாசம் சென்னையிலேர்ந்து இணை இயக்குநர் கருத்துக் கேட்க வர்றாரே, சார். இவங்களையும் கூப்டலாமா?”

“கூப்டணும்னு இல்ல. கூப்டக் கூடாதுன்னும் இல்ல.” தாளை என்னிடம் திருப்பித் தந்தார். “போடு. கையெழுத்துப் போட்றேன்.”

அழைப்பாணையைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்ட நினைப்பு.

கூட்டம் மே மாதம் ஒரு புதன்கிழமை. பதினொரு மணிக்கென்று போட்டிருந்தது. ரஃபத் ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். புர்கா முழுக்க பஸ் புழுதி. தோளில் துண்டில் சுற்றிய ஆண் குழந்தை. அழைப்பாணையை நான்காக மடித்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

“இன்னா கேப்பாங்க மேடம்?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் கேக்க மாட்டாங்க. லெட்டர்ல எழுதினதையே சொன்னாப் போதும்.”

“பஸ்ல சொல்லிச் சொல்லிப் பாத்துக்கினே வந்தேன். எங்க நாத்தனார் ஷஹீன் பானு ஸ்கூல் டீச்சர். நோட்டீஸ் போர்டுல இங்கிலீஷ்ல ஒட்டியிருந்தத அவங்கதான் படிச்சு சொன்னாங்க. நா உருது மீடியம். தமிழ்ல தப்பு ஜாஸ்தியா இருந்திச்சா?”

“இல்ல. நல்லா எழுதியிருந்தீங்க.”

மாடிக் கூடத்தில் கம்பெனி ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கடைசி வரிசையில் சுவரோரம். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. மின்விசிறி அனல் காற்றைத்தான் கிளப்பியது. குழந்தை முதலில் சிணுங்கி, பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்து என்னிடம் வந்தாள்.

“மேடம், பால் குடுக்க எங்கனா எடம் இருக்கா?”

கீழே கோப்பறை இருந்தது. கதவு உண்டு, உள்ளே தாழ்ப்பாளும் உண்டு. கோப்புக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன். தண்ணீர் பாட்டில் கொடுத்தேன்.

“நீங்க ஏழாவது. முன்னாடி ஆறு பேர் பேசணும். அவர் இன்னும் வரவே இல்ல. நிம்மதியாக் குடுங்க. நான் வந்து கூப்டறேன்.”

“மறந்துடாதீங்க மேடம்.”

“மறக்க மாட்டேன்.”

நான் மாடிப்படி ஏறும்போதே இணை இயக்குநரின் கார் வாசலில் நின்றது. வந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். வருகைப் பதிவேடு முன்வரிசையிலிருந்து சுற்றி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கீழே இருப்பவளும் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று தோன்றவில்லை. அப்போது அவர் 1998 சுற்றறிக்கை ஒன்றைக் கேட்டார். எங்களிடம் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அவருக்கு நகல் வேண்டும். அதற்குள் கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடை பஸ் நிலையத்தின் பக்கம் இருந்தது.

“பெர்சிஸ், நீயே ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடும்மா” என்றார் மூர்த்தி சார்.

ஆறு பேர் பேச ஒரு மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஓடினேன். கடையில் எனக்கு முன்னால் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் நின்றார்கள். ஒரு மாணவியிடம் கெஞ்சி இடையில் புகுந்து எடுத்து வந்தேன். போய் வர இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆள் பேசி முடித்ததும், மற்ற ஐவரும் எங்களுடையதும் அதுதான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்களாம். ஏழாவது பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளைக் கீழே கூட்டிப் போனதை நான் மூர்த்தி சாரிடம் சொல்லியிருக்கவில்லை.

நகலை இணை இயக்குநரிடம் கொடுத்தேன். “சார், ஏழாவது ஆட்சேபணைக்காரங்க கீழ இருக்காங்க. கொழந்தைக்குப் பால் குடுக்கறாங்க. ரெண்டு நிமிஷம்...”

அவர் கோபப்படவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார். “எழுத்துல குடுத்திருக்காங்க இல்ல? அது போதும். மூணு மணிக்குக் காஞ்சிபுரத்துல இருக்கணும் நான்.”

கார் கிளம்பிய சத்தம் கோப்பறைக்குள்ளும் கேட்டிருக்கும். நான் கதவைத் தட்டியபோது குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் புர்காவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“கூப்டாங்களா?”

“முடிஞ்சிடுச்சு ரஃபத்” என்றேன்.

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். ஜெராக்ஸ் கடைக்குப் போனதைச் சொன்னேன். மற்றவர்கள் பேசாமல் உட்கார்ந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்காகத் தெரிந்தது. என் மேல் கோபித்துக்கொள்வாள் என்று நின்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

“ரெண்டு நிமிஷந்தான் பேசலாம்னு இருந்தேன். உங்க கிட்டயாவது சொல்லிட்றேன் மேடம்” என்றாள்.

கோப்புக் கட்டுகளுக்கு நடுவே நின்றபடி, ஒரு அதிகாரியிடம் சொல்வதுபோல நிமிர்ந்து, முதலிலிருந்து சொன்னாள். தன் லைனில் பால் கொடுக்கிற பெண்கள் ஐந்து பேர். தையல் மிஷினில் இருந்து எழுந்து கை கழுவவே இரண்டு நிமிஷம் ஆகும், தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசம் போகாது. இப்போது கிரீச் படிக்கட்டுக்குக் கீழேயே இருப்பதால் சமாளிக்கிறோம். பொதுக் காப்பகம் வேண்டாம் என்று சொல்லவில்லை, வரட்டும். பால் மறக்கும் வரைக்குமாவது குழந்தையை உள்ளே வைத்துக்கொள்ள விடுங்கள். அவ்வளவுதான் ஐயா. சொல்லி முடித்து மூச்சு வாங்கினாள்.

நான் அதை அப்படியே எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி, கோப்பில் இணைப்பாக வைத்தேன்.

அட்டவணை தயாரானபோது ஏழாவது எண்ணுக்கு எதிரே குறிப்புப் பத்தியில், ‘ஏற்கலாம். ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தொழிற்சாலை வளாகத்திலேயே இடம் தரலாம், அல்லது இடைவேளையை நீட்டிக்கலாம்’ என்று தட்டச்சு செய்தேன். மூர்த்தி சார் படித்துவிட்டுச் சுருக்கொப்பம் இட்டார்.

மூன்று வாரத்தில் கோப்பு திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: மாவட்ட அலுவலகத்தின் கருத்து கோரப்படவில்லை. விசாரணைக்கு ஆஜரானாரா, இல்லையா என்ற விவரம் மட்டும் போதுமானது. பதிவேட்டின்படி நிரப்பி அனுப்பவும்.

பதிவேட்டில் அவள் கையெழுத்து இல்லை.

“வந்தாங்க சார். உங்க கண்ணாலயே பாத்தீங்க” என்றேன் மூர்த்தி சாரிடம்.

“பாத்தேன். யார் இல்லேன்னாங்க? ரெஜிஸ்டர்ல இல்லாதத நான் எப்டிம்மா எழுதுவேன்?”

“வந்திருந்தார், அழைத்தபோது அறையில் இல்லைன்னு போடலாமே.”

“போடு” என்றார். போட்டேன். மறுநாள் சென்னையிலிருந்து போன் வந்தது. ஒரு பத்தியில் ஒரு வார்த்தைதான் இருக்க வேண்டுமாம், கோப்பு வெள்ளிக்கிழமை மேலே போக வேண்டுமாம். அவளிடம் நான் எழுதி வாங்கிய தாளைப் பற்றிக் கேட்டேன். விசாரணை முடிந்த பிறகு பெற்றது கணக்கில் வராது, எடுத்துவிடுங்கள் என்று அந்தக் குரல் சொன்னது. அது யார் என்று கேட்டேன். பிரிவிலிருந்து என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டது.

மூர்த்தி சார் என் பக்கமே பார்க்கவில்லை. நான் ‘ஆஜராகவில்லை’ என்று தட்டச்சு செய்து, கீழே என் சுருக்கொப்பத்தையும் இட்டேன். அன்று ஐந்தே முக்கால் குடியாத்தம் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. இருந்தும் நான் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன்.

ஆகஸ்டில் இறுதி விதி அரசிதழில் வந்தது. இரண்டு கிலோமீட்டர் அப்படியே இருந்தது. இடைவேளையைப் பற்றி இதிலும் ஒரு வார்த்தை இல்லை. மூன்று கிலோமீட்டர் கேட்ட கம்பெனிகளுக்கும் அது கிடைக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் சிலர் அதை வைத்து, யார் பக்கமும் சாயவில்லை பார் என்றார்கள்.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அரசிதழின் ஒரு நகலை எடுத்துக்கொண்டு ஆம்பூர் போனேன். மதிய இடைவேளையில் கம்பெனி கேட்டில் காத்திருந்தேன். பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டாள்.

“இவ்ளோ தூரம் வந்தீங்களா மேடம்? சாப்டீங்களா?”

“சாப்ட்டேன். பையன் எப்டி இருக்கான்?”

“நல்லா இருக்கான். கிரீச்ச மாத்தி ஒரு மாசம் ஆவுது. பழைய ரூம்ல இப்ப அட்டப் பெட்டி அடுக்கியிருக்காங்க.” முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பால மறந்துட்டான். நாலு நாள் அழுதான், அப்புறம் பாட்டில்ல பழகிட்டான். எனக்குத்தான் பேஜாரா இருந்திச்சு. மார் கட்டிக்கினு ஜுரம். பாத்ரூம்ல போய்ப் பீச்சி ஊத்திட்டு வந்து தைப்பேன். இப்ப சரியாப் போச்சு.”

“உங்க லைன்ல மத்தவங்க?”

“ரெண்டு பேர் வேலைய விட்டு நின்னுட்டாங்க.”

நகலைக் கொடுத்தேன். புளிய மரத்தடியில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் பத்தியிலேயே விரலை வைத்து நிறுத்தினாள். ‘வரப்பெற்ற ஆட்சேபணைகளும் கருத்துரைகளும் அரசால் உரியவாறு பரிசீலிக்கப்பட்டன.’

“இதுல நானும் இருக்கேனா?”

“இருக்கீங்க.”

“பரிசீலிக்கறதுன்னா இன்னா மேடம்?”

பத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை நான் எழுதுகிற வார்த்தை அது. “படிச்சுப் பாத்து யோசிக்கறது” என்றேன்.

“யாரு படிச்சாங்க?”

“நான் படிச்சேன்.”

அவள் தலையாட்டினாள். நான் அவளிடம் சொல்ல வந்தது வேறு. அட்டவணையில் அவள் வரவே இல்லை என்று இருப்பதையும், அதை எழுதியது நான் என்பதையும் சொல்லிவிடத்தான் பஸ் ஏறினேன். வாயைத் திறந்தேன். அதற்குள் கம்பெனி சைரன் ஊதியது.

“இத நீங்களே வச்சுக்கோங்க. உள்ள பேப்பர் எடுத்துக்கினு போனா கேட்ல கேப்பாங்க” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “வெயில்ல நிக்காதீங்க மேடம். ரோடு தாண்டினா வேலூர் பஸ் வரும்.”

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வேகமாக நடந்து, உள்ளே போகிற பெண்களோடு சேர்ந்துகொண்டாள். வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்தினார்.